ஓடுபாதையில் படியும் டயர் ரப்பர்: மழையில் திருச்சியில் இறங்கிய ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் வைத்துவிடுகிறேன். ஐப்பசி மழையில் சிங்கப்பூரிலிருந்து திருச்சி வந்து இறங்கியிருக்கிறீர்கள். சக்கரம் தரையைத் தொட்டபோது பலமான அதிர்ச்சி, அப்புறம் உடம்பு முன்னால் போகிற அளவுக்குப் பிரேக். விமானம் மெதுவாகத் திரும்பி வரும்போது, ஓடுபாதையின் முனைப்பகுதியில் மற்ற இடத்தைவிட நல்ல கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் அத்தனையும் டயர் ரப்பர் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் உங்கள் அம்மா அதே விமானத்தில் கும்பகோணம் வருகிறார். மழையில் இது வழுக்காதா, ஏன் சுத்தம் செய்யாமல் வைத்திருக்கிறார்கள், சக்கரத்தை மேலேயே சுழலவிட்டு இறக்கினால் ரப்பரே ஒட்டாதே என்று மூன்று கேள்வி, கோழிக்கோடு விபத்தையும் குறிப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரிகிற கறுப்பை வைத்து ஆபத்தை அளக்கலாமா? அளக்க முடியாது. ஆனால் அந்தக் கறுப்பு பொருட்படுத்தத் தேவையில்லாத விஷயமும் அல்ல. எப்போது, எந்த இடத்தில் அது தொல்லை தரும் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

நான் சிவில் இன்ஜினியர். பல ஆண்டுகள் ஓடுபாதைப் பராமரிப்பில் வேலை பார்த்துவிட்டு இப்போது திருவையாறு பக்கம் இருக்கிறேன். தரைப்பரப்பு, அதன் உராய்வு, அளவீடு, சுத்தம் செய்வது ஆகியவை என் கை பட்ட வேலைகள். பைலட்டின் வேலையைப் பற்றிச் சொல்லப்போவது, அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்த அளவுக்கு மட்டுமே. திருச்சி ஓடுபாதையில் நான் வேலை பார்த்ததில்லை. அதனால் அங்கே இன்றைக்கு உராய்வு எப்படி இருக்கிறது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஜன்னல் வழியே எடுத்த படத்தைப் பார்த்து அதைச் சொல்லக்கூடியவர் யாரும் கிடையாது.

ரப்பர் எப்படி ஒட்டுகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். 737, ஏ320 வகை விமானங்கள் மணிக்கு ஏறத்தாழ 240 முதல் 270 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகின்றன. அந்த நொடி வரை சக்கரம் சுற்றாமல் நிற்கிறது. தரையில் பட்டதும், ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் அது முழு வேகத்துக்குச் சுழல வேண்டும். அதுவரை டயர் உருளுவதில்லை, இழுபட்டுத் தேய்கிறது. இறங்கும்போது பின்னால் எழும் புகை இதனால் வருவதுதான். விமான டயரில் இயற்கை ரப்பர் நிறைய உண்டு. கந்தகம் சேர்த்துச் சூட்டில் பக்குவப்படுத்திய ரப்பர். தேய்ப்பின் சூட்டில் அந்தப் பக்குவம் குலைந்து மேல்தோல் இளகி, தரையின் சின்னச் சின்னக் குழிகளுக்குள் அழுந்திவிடுகிறது. ஆறியதும் கெட்டியாகி வழவழப்பான படலமாக நின்றுவிடுகிறது. அடுத்த விமானம் அதன்மேல் இன்னொரு பூச்சு கொடுக்கிறது. டன் கணக்கான எடை மேலே ஏறி அழுத்திக்கொண்டே இருப்பதால், நாளாக ஆக அது உரித்தெடுக்க முடியாத அளவுக்கு இறுகுகிறது.

இது ஓடுபாதை முழுவதும் பரவுவதில்லை. 2400 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓடுபாதைகளில், முனையிலிருந்து 400 மீட்டர் தள்ளி இரண்டு பெரிய வெள்ளைப் பட்டைகள் வரைந்திருப்பார்கள். பைலட் குறிவைப்பது அந்த இடத்தைத்தான். அதனால் பெரும்பகுதி ரப்பர் முதல் 900 மீட்டருக்குள் சேர்கிறது. அகலவாட்டிலும் ஒரு கணக்கு உண்டு. 737-இன் பிரதானச் சக்கரங்கள் மையக்கோட்டிலிருந்து இரு பக்கமும் ஏறத்தாழ 3 மீட்டர் தள்ளி இருக்கின்றன, ஏ320-க்குக் கொஞ்சம் அதிகம், 777 போன்ற பெரிய விமானத்துக்கு ஐந்தரை மீட்டர். நீங்கள் பார்த்த பட்டை மையக்கோட்டை ஒட்டி இரு பக்கமும் அடர்ந்து, ஓரம் போகப்போக வெளுத்திருக்கும். உராய்வு அளக்கும் வண்டியை மையக்கோட்டிலிருந்து 3 மீட்டரில் ஒரு முறை, பெரிய விமானங்கள் வரும் நிலையமானால் 6 மீட்டரில் இன்னொரு முறை ஓட்டுவது இதற்காகத்தான்.

நல்ல ஓடுபாதையில் குனிந்து கையை வைத்துத் தேய்த்தால் இரண்டு விதச் சொரசொரப்பு தெரியும். ஜல்லிகள் துருத்திக்கொண்டு இடையிடையே பள்ளம் விட்டிருப்பது ஒன்று. அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு கல்லின் தோலிலும் இருக்கிற நுண்ணிய சொரசொரப்பு இன்னொன்று. அதை விரல் நுனிதான் சொல்லும். பள்ளங்கள் தண்ணீரை டயருக்கு அடியிலிருந்து வெளியே ஓடவிடுகின்றன. அப்படி ஓடியபின்னும் மிச்சமிருக்கிற மெல்லிய நீர்ப்படலத்தைக் கிழித்து, டயரும் கல்லும் நேருக்கு நேர் தொடும்படி செய்வது அந்த நுண்ணிய சொரசொரப்பு. கொத்தாத அம்மியில் மிளகாய் அரைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குழவி சறுக்கும், மிளகாய் நசுங்காமல் நழுவும். ஆள் வந்து கொத்திக் கொடுத்தபின், கல்லும் கையும் அதேதான், ஆனால் பிடிப்பு வந்துவிடும். ரப்பர் படிவு இந்த இரண்டு சொரசொரப்பையும் கெடுக்கிறது, ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. நுண்ணியது சீக்கிரம் மூடிவிடும், அதற்கு மெல்லிய பூச்சே போதும். பள்ளங்கள் நிரம்புவதற்கு நாளாகும். ஆகவே பார்வைக்கு ஜல்லி துருத்திக்கொண்டிருக்கிறதே, நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றுகிற ஓடுபாதையிலும் பிடிப்பு ஏற்கெனவே குறைந்திருக்கலாம்.

பள்ளத்தின் ஆழத்தை அளக்க நாங்கள் செய்யும் சோதனை மிக எளியது. சலித்த நுண்மணலோ கண்ணாடித் துகளோ 25 மில்லி எடுத்து, சுத்தமாகத் துடைத்த இடத்தில் குவித்து, அடியில் ரப்பர் ஒட்டிய வட்டத் தகட்டால் சுற்றிச் சுற்றிப் பரப்ப வேண்டும். மணல் பள்ளங்களுக்குள் இறங்கி, ஜல்லியின் தலை மட்டத்தோடு நிற்கும்வரை பரப்பிவிட்டு, வட்டத்தின் குறுக்களவைப் பார்ப்போம். சுமார் 18 சென்டிமீட்டர் வந்தால் சராசரி ஆழம் 1 மில்லிமீட்டர். புதிய ஓடுபாதைக்குக் குறைந்தது இவ்வளவாவது வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் பரிந்துரை. அதே 25 மில்லி மணல் 25 சென்டிமீட்டருக்குப் பரவினால் ஆழம் பாதிதான். டச்டவுன் பகுதியில், அதாவது சக்கரம் முதலில் தரையைத் தொடும் பகுதியில், ரப்பர் கனமாக உள்ள இடத்தில் இந்தச் சோதனையைச் செய்தால், மணல் உள்ளே இறங்க இடமில்லாமல் தகட்டுக்கு முன்னால் ஓடும், வட்டம் விரிந்துகொண்டே போகும். பத்தடி தள்ளி, சக்கரம் படாத இடத்தில் செய்தால் சட்டென்று நின்றுவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு வட்டங்களைத்தான்.

உங்கள் அம்மா வருவது மழைக்காலத்தில் என்பதால், காய்ந்த தரைக்கும் நனைந்த தரைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தரை காய்ந்திருந்தால் ரப்பர் படிவைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். ரப்பர்மேல் ரப்பர் நன்றாகவே பிடிக்கும். சித்திரை வெயிலில் அந்தக் கறுப்புப் பட்டை எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் பயணிக்கு வித்தியாசம் தெரியாது. தண்ணீர் சேர்ந்தபிறகுதான் சிக்கல். ஹைட்ரோபிளேனிங் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், டயர் தரையை விட்டுத் தண்ணீர்மேல் மிதந்து போவது. இதில் மூன்று வகை உண்டு. முதல் வகை, தேங்கிய தண்ணீரை டயரால் வேகத்தில் பிதுக்கித் தள்ள முடியாமல் அதன்மேல் ஏறிவிடுவது. இதற்கு 1960-களில் நாசா ஆய்வாளர்கள் ஓர் எளிய சூத்திரம் தந்தார்கள்: டயரின் காற்றழுத்தத்தைப் பவுண்டில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால், மிதக்க ஆரம்பிக்கும் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். நம் கார் டயருக்கு 30, 32 பவுண்டு அடிக்கிறோம். 737 வகை விமானத்துக்கு ஏறத்தாழ 200 பவுண்டு. கணக்குப் போட்டால் 127 நாட், அதாவது மணிக்குச் சுமார் 235 கிலோமீட்டர். ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கிற சக்கரத்துக்கு உரிய எண் இது. இறங்கும்போது போலச் சுழலாத சக்கரம் நீரில் பட்டால் 9-க்குப் பதில் 7.7 என்று எடுப்பார்கள். வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். இரண்டுமே விமானம் இறங்கும் வேகத்துக்குள் அடங்குபவை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் ஓடுபாதையில் தண்ணீர் தேங்கவே விடக்கூடாது என்று சரிவும் பள்ளமும் பார்த்துப் பார்த்து அமைக்கிறார்கள்.

இரண்டாம் வகைதான் ரப்பர் படிவுக்கே உரியது. தரை வழவழப்பாக இருந்தால், தேங்கிய நீர் தேவையில்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கனமுள்ள படலமே போதும். அதைக் கிழிக்கச் சொரசொரப்பு இல்லாததால், மேலே சொன்ன வேகங்களைவிட வெகு குறைந்த வேகத்திலும் டயர் அதன்மேல் வழுக்கும். பெருமழை என்றால் பைலட்டும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் உஷாராக இருப்பார்கள். டெல்டாவில் எனக்கு அதைவிடக் கவனமாகப் படுவது மார்கழிப் பனி. விடியற்காலையில் ஓடுபாதை ஈரம் பூத்து நிற்கும், தண்ணீர் எங்கும் தேங்கியிருக்காது, வானமும் தெளிந்திருக்கும். ஐகாவோவின் இன்றைய முறைப்படி கண்ணுக்குத் தெரிகிற ஈரக்கசிவும் நனைந்த ஓடுபாதைதான். அதைக் காய்ந்ததாக எண்ணி நடத்தக்கூடாது என்று அந்த வரையறையை வைத்திருப்பதற்கு இந்த மெல்லிய படலம் ஒரு காரணம்.

மூன்றாம் வகை அரிதானது, ஆனால் நிறத்தை நம்பக்கூடாது என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு ஈரத் தரையில் நீண்ட தூரம் இழுபட்டால், சூட்டில் டயரின் ரப்பர் இளகி, சிக்கிய நீர் ஆவியாகி, அந்த ஆவியின் மேல் டயர் சறுக்கும். அந்த ஆவி தரையைக் கழுவிவிடுவதால் பின்னால் விழும் தடம் வெள்ளையாக இருக்கும். விபத்து விசாரணைக்குப் போகிறவர்கள் ஓடுபாதையில் தேடுவது இந்த வெள்ளைத் தடத்தை. இன்றைய விமானங்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஆன்டி-ஸ்கிட் அமைப்பு இருப்பதால் இது பெரும்பாலும் நடப்பதில்லை.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று. எல்லோரும் பயப்படுவது விமானம் இறங்குகிற முனையில் உள்ள கறுப்பைப் பார்த்துத்தான். அங்கே விமானத்துக்கு முன்னால் முழு ஓடுபாதையும் மிச்சமிருக்கிறது. இறக்கைமேல் தடுப்புத் தகடுகள் எழும்பி எடை முழுதும் சக்கரத்துக்கு வருவதற்கே ஓரிரு நொடி ஆகும், பிரேக் முழு வீச்சில் பிடிப்பது அதற்கப்புறம். நான் கவலைப்படுவது மறுமுனையைப் பற்றி. ஓடுபாதைக்கு இரண்டு முனை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதை எதிர்த்து இறங்குவார்கள். ஆகவே நீங்கள் ஓடி நிற்கப்போகிற கடைசி 900 மீட்டர், எதிர்ப்பக்கமிருந்து இறங்குபவர்களின் டச்டவுன் பகுதி. திருச்சி ஓடுபாதை 2480 மீட்டர், கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. இரண்டு பக்கத்து 900 மீட்டரையும் கழித்தால் நடுவில் சுத்தமான பரப்பு 680 மீட்டர்தான். நனைந்த நாளில் வேகம் குறையாமல் நடுப்பகுதியைத் தாண்டிவிட்ட விமானம், கடைசிப் பிரேக்கை ரப்பர் மேல்தான் போட வேண்டும்.

இதோடு நம் ஊர்க் காற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று பிடித்துக்கொண்டு அடிக்கும். அப்போது கிழக்கு முனையில் தொட்டு மேற்கு நோக்கி இறங்குவதே இயல்பு, ரப்பர் கிழக்கு முனையில் சேரும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று கிழக்கு, வடகிழக்கிலிருந்து திரும்பினால் மேற்கு முனையில் தொட்டுக் கிழக்கு நோக்கி ஓடி நிற்க வேண்டிவரும். அதாவது ஆடியில் காய்ந்த தரையில் சேர்ந்த ரப்பர்மேல், ஐப்பசி மழையில் பிரேக் போடுகிறார்கள். இது காற்றின் போக்கை வைத்து நான் செய்யும் ஊகம், திருச்சியில் அளந்து சொன்னது அல்ல. காற்று லேசாக இருக்கிற நாட்களில், இறங்குவதற்கான வழிகாட்டிக் கருவி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது போன்ற காரணங்களாலும் முனையைத் தேர்வு செய்வார்கள். ஆனாலும் வடகிழக்குப் பருவமழை பெறும் எந்த நிலையத்திலும் ரப்பர் நீக்கும் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும் என்று நான் சொல்வது இந்தக் காரணத்தால்தான். தென்மேற்குப் பருவமழை பெறும் மும்பையில் மே மாதத்தில் ஓடுபாதைகளைப் பகலிலேயே சில மணி நேரம் மூடி, மழைக்கு முந்தைய பராமரிப்பைச் செய்கிறார்கள். அதில் ரப்பர் நீக்குவதும் உண்டு. நம் பக்கத்து நாட்காட்டி வேறு.

சரி, யார் எப்படி அளக்கிறார்கள்? தனியே ஒரு சோதனைச் சக்கரம் பொருத்திய வண்டி, தனக்கு முன்னால் 1 மில்லிமீட்டர் கனத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மணிக்கு 65 கிலோமீட்டரிலும் 95 கிலோமீட்டரிலும் ஓடும். சோதனைச் சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது என்பதை ஓர் எண்ணாகப் பதியும். கிரிப்டெஸ்டர் என்ற கருவிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் ஐகாவோ வழிகாட்டும் எண்கள்: புதிய தரை 0.74, பராமரிப்புக்குத் திட்டமிட வேண்டிய நிலை 0.53, அதற்குக் கீழே போகவே கூடாத நிலை 0.43. அதே கருவிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் இவை 0.64, 0.36, 0.24. வேகம் கூடும்போது புதிய தரையில் எண் கொஞ்சம்தான் குறைகிறது, பழுதான தரையில் சரிந்து விழுகிறது பாருங்கள். நீர் வெளியேறப் பள்ளம் இல்லாததன் அடையாளம் அது. ஒரே வேகத்தில் அளந்து திருப்திப்பட்டுவிடக் கூடாது என்று நான் வாதாடுவது இதனால்தான்.

இன்னொரு பொறி சராசரி. ஓடுபாதை முழுவதற்கும் சேர்த்துச் சராசரி போட்டால் நடுவிலுள்ள நல்ல பரப்பு எண்ணைத் தூக்கிவிடும், ரப்பர் உள்ள இடம் மறைந்துவிடும். 100 மீட்டர் நீளத்துக்குப் பிடிப்பு குறைந்திருந்தாலே கவனிக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். அறிக்கை கையில் வந்தால் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்துச் சராசரியை அல்ல, இரு முனைகளின் நூறு நூறு மீட்டர் எண்களைத்தான்.

இதில் சந்தேகத்துக்குரிய பகுதியையும் சொல்லிவிட வேண்டும். கருவிக்குக் கருவி எண் மாறும். மேலே சொன்ன மூன்று நிலைகளுக்கும் மியூ-மீட்டருக்கு வேறு எண்கள், சர்ஃபேஸ் ஃப்ரிக்ஷன் டெஸ்டருக்கு வேறு எண்கள் என்று அட்டவணை போட்டிருப்பது அதனால்தான். சின்ன டயர் பொருத்திய வண்டி காட்டும் எண்ணிலிருந்து, 60, 70 டன் விமானம் எத்தனை மீட்டரில் நிற்கும் என்று நேரடியாகச் சொல்லக்கூடிய நம்பகமான வாய்பாடு இன்றுவரை கிடையாது. எண் எப்போது பராமரிப்பு தேவை என்பதைச் சொல்லும், நாளுக்கு நாள் தரை எப்படி மாறுகிறது என்பதைச் சொல்லும். அதற்குமேல் அதை இழுக்கக்கூடாது.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்பது, எத்தனை ஜெட் விமானம் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்க விமானத் துறையின் வழிகாட்டுதலைப் பலரும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு முனையில் நாளுக்கு 16 முதல் 30 ஜெட் இறங்கினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உராய்வு அளக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை ரப்பர் நீக்க வேண்டும். 210-க்கு மேல் போனால் வாரம் ஒருமுறை அளவீடு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீக்கம். ஏடிஆர் போன்ற புரொப்பெல்லர் விமானங்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அகல உடல் கொண்ட பெரிய விமானங்கள் ஐந்தில் ஒன்றுக்குமேல் இருந்தால் ஒரு படி மேலே உள்ள வரிசையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே கறுப்பு தெரிகிறது என்பதே அலட்சியத்துக்குச் சாட்சி அல்ல. சுத்தம் செய்த மறுவாரமே நிறம் திரும்ப ஆரம்பித்துவிடும். நிறம் வேகமாக வரும், கனம் மெதுவாக வரும்.

அளவீட்டில் பிடிப்பு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டால், அந்தப் பகுதி நனைந்தால் வழுக்கும் என்று நோட்டாம் (NOTAM) எனப்படும், பைலட்டுகளுக்கான அறிவிப்பு வெளியிட வேண்டும். 2021 நவம்பர் முதல் உலகம் முழுவதும் ஒரே முறையில் ஓடுபாதை நிலையை 0 முதல் 6 வரை எண்ணால் சொல்கிறார்கள். காய்ந்தது 6, சாதாரணமாக நனைந்தது 5, நனைந்து வழுக்குவது 3, 3 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் தேங்கினால் 2. நன்றாகப் பராமரித்த தரை மழையில் 5, அதே மழையில் ரப்பர் முற்றிய தரை 3. பைலட் இந்த எண்ணை வைத்துத்தான் நிற்கும் தூரத்தைக் கணக்கிடுவார். புறப்படும் முன்பே போடும் கணக்கிலும் தாராளம் உண்டு. காய்ந்த தரையில் சோதனையில் நின்ற தூரம், இருக்கும் ஓடுபாதையில் 60 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். ஈரம் என்றால் இன்னும் 15 சதவீதம் கூடுதலாக ஒதுக்க வேண்டும். 2480 மீட்டர் ஓடுபாதைக்கு, காய்ந்த தரைச் சோதனை தூரம் 1490 மீட்டருக்குள் இருக்க வேண்டும், மழை நாளில் 1290 மீட்டருக்குள்.

நீங்கள் பயந்த அந்த அதிர்ச்சியும் பலமான பிரேக்கும் உண்மையில் நல்ல அறிகுறிகள். நனைந்த ஓடுபாதையில் மெதுவாகப் பூப்போல இறக்கக்கூடாது, அழுத்தி இறக்க வேண்டும் என்பது பைலட்டுகளுக்குச் சொல்லித்தரும் பாடம். அப்போதுதான் டயர் நீர்ப்படலத்தை உடைத்துத் தரையைத் தொடும், சக்கரம் உடனே சுழலும், ஆன்டி-ஸ்கிட்டும் தடுப்புத் தகடுகளும் வேலையைத் தொடங்கும். உடம்பு முன்னால் போகிற அளவுக்குப் பிரேக் பிடித்தது என்றால், தரையில் பிடிப்பு இருந்திருக்கிறது என்று அர்த்தம். வழுக்கும் தரையில் அந்த இழுப்பு வராது.

கோழிக்கோடு விபத்தைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தீர்கள், அதையும் பார்ப்போம். 2019 ஜூலையில் இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ அந்த நிலையத்துக்கு விளக்கம் கேட்டு அனுப்பிய நோட்டீஸில், டச்டவுன் பகுதியில் மிகையான ரப்பர் படிவு, நீர்த்தேக்கம், விரிசல் ஆகியவை சொல்லப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டு 2020 ஆகஸ்ட் 7 அன்று மழையில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதை முடிவைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 21 பேர் உயிரிழந்தார்கள். இரண்டையும் ஒட்டிவைத்து ரப்பர்தான் காரணம் என்று பலர் எழுதினார்கள். விசாரணை அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. பின்காற்றோடு, நிலைப்படாத அணுகுமுறையைக் கைவிடாமல் தொடர்ந்து, டச்டவுன் பகுதியைத் தாண்டி ஓடுபாதையின் பாதிக்கு அருகே இறங்கியதையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. ஓடுபாதை பாதி போனபின் தொட்டால் எந்தத் தரையும் காப்பாற்றுவது கடினம். அதே நேரம், நோட்டீஸில் இருந்தவை சின்னக் குறைகள் என்றும் நான் சொல்ல மாட்டேன். பிழை நடக்கிற நாளில் மிச்சமிருக்கும் தூரத்தில் கிடைக்கிற பிடிப்புதான் கடைசிக் காப்பு.

சுத்தம் செய்வதில் இன்று அதிகம் பயன்படுவது அதிவேகத் தண்ணீர். 40,000 பவுண்டு வரை அழுத்தத்தில், ஊசித் துளைகள் வழியே தண்ணீரைச் சுழலவிட்டு அடித்து, உடனே உறிஞ்சி எடுத்துக்கொள்ளும் வண்டிகள் உள்ளன. ரசாயனம் தெளித்து ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுவது இன்னொரு முறை. வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் கழுவிய நீர் வடிகாலில் இறங்கினால் அது ஏரிக்கும் வாய்க்காலுக்கும் போய்ச் சேரும். வடிகாலெல்லாம் வயலில் முடிகிற நம் ஊரில் அந்த நீரைப் பிடித்து அப்புறப்படுத்த ஏற்பாடு இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. இரும்புக் குண்டுகளை வீசிச் சுரண்டி, அவற்றை உடனே திரும்ப உறிஞ்சும் முறையும் உண்டு. எதைச் செய்தாலும் அளவு மீறக்கூடாது. ஒரே இடத்தில் நின்று அடித்தால் ரப்பரோடு தாரும் நுண்துகளும் கிளம்பி, ஜல்லி ஆட்டம் காணும். கான்கிரீட்டில் திரும்பத் திரும்பத் தீவிரமாகச் சுரண்டினால் கல்லின் நுண்ணிய சொரசொரப்பே மழுங்கிவிடும், வெளுத்து அழகாகத் தெரிகிற தரை கறுப்பாக இருந்தபோது பிடித்ததைவிடக் குறைவாகப் பிடிக்கும். சுத்தம் செய்த கையோடு மறுபடி உராய்வை அளந்து பார்க்காமல் பில்லில் கையெழுத்துப் போடக்கூடாது. ரப்பர் வெள்ளைக் குறிகளையும் மூடிவிடுவதால், நீக்கியபின் அவற்றைத் திரும்ப வரைவதும் வேலையில் சேர்ந்தது. இரவு மழையில் பைலட்டுக்கு அந்தக் குறிகள் அவ்வளவு முக்கியம்.

கடைசியாக, சக்கரத்தை மேலேயே சுழலவிடும் யோசனை. பல பத்தாண்டுகளாகப் பலர் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். மோட்டார் வைத்தும் செய்யலாம், டயரின் பக்கவாட்டில் காற்றைப் பிடிக்கும் சிறகு வைத்தும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு சக்கரத்திலும் கூடும் எடையை விமானம் தன் வாழ்நாள் முழுதும் சுமக்க வேண்டும், கூடுதலாக ஒரு கருவி பழுதாகவும் வாய்ப்புண்டு. மிச்சமாவது டயர் தேய்வில் ஒரு பங்கு மட்டும்தான். பிரேக்கிலும் திருப்பத்திலும் தேய்வது அப்படியேதான் இருக்கும். டயர் தேய்ந்தால் மேல்தோலை மட்டும் மாற்றிப் பலமுறை பயன்படுத்தும் வசதி இருப்பதால், விமான நிறுவனங்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படி ஆகவில்லை. ஓடுபாதையைக் கழுவும் செலவு நிலையத்தின் கணக்கில் விழுவதால், அதைக் குறைப்பதற்காக விமானத்தில் எடை ஏற்ற அவர்களுக்கு அவசரமும் இல்லை.